சுயக்கட்டுப்பாடு எங்கிருந்து வருகிறது? முதல் அடி எடுத்து வைப்பவர்களுக்கு

ஜனவரி முதல் வாரத்தில் ஒரு நாள் விடியற்காலை சேலம் காந்தி மைதானம் பக்கம் போய்ப் பாருங்கள். புது ஷூ, புது டிராக் பேன்ட், காதில் ஹெட்போன் என்று நடக்க வருபவர்கள் நிறைய பேர் இருப்பார்கள். பொங்கல் முடிந்து ஒரு வாரம் கழித்துப் போனால் பழைய ஆட்கள் மட்டும்தான் மிச்சம். அவர்களில் ஒரு பெரியவரை நிறுத்தி, "எப்படிங்கய்யா தினமும் வந்துடறீங்க?" என்று கேட்டால், "வரலைன்னா என்னமோ மாதிரி இருக்கும் தம்பி" என்பார். அதற்கு மேல் சொல்ல அவரிடம் பெரிதாக ஒன்றும் இருக்காது.

அந்தப் பதிலில் வைராக்கியம், லட்சியம் என்ற பேச்சே இல்லை. அதெல்லாம் புத்தாண்டுக்கு வந்துவிட்டுப் போனவர்களிடம்தான் ஏகமாக இருந்தது. பிறகு ஏன் அவர்கள் நின்றார்கள், இவர் ஏன் நிற்கவில்லை? இது புரிந்தால் சுயக்கட்டுப்பாடு பற்றி முக்கால்வாசி புரிந்த மாதிரிதான்.

பொதுவாக நாம் சுயக்கட்டுப்பாட்டைப் பிறவிச் சொத்து போலப் பேசுகிறோம். "அவனுக்கு மனசு கெட்டி, எனக்கு அப்படி வராது" என்று சொல்லிவிட்டால் பேச்சு முடிந்தது. மனோதத்துவ ஆய்வாளர்கள் பலரும் இதை உள்ளே இருக்கும் ஒரு பலமாகத்தான் பார்த்தார்கள்; அது எவ்வளவு நேரம் தாங்கும் என்பதுதான் அவர்கள் கேள்வி. 1998-இல் அமெரிக்காவில் ராய் பாமெய்ஸ்டர் குழுவினர் ஒரு சோதனை நடத்தினார்கள். அப்போதுதான் சுட்ட சாக்லேட் பிஸ்கட்டும் முள்ளங்கியும் மேசையில் இருக்கும். சிலருக்குப் பிஸ்கட், சிலருக்கு முள்ளங்கி மட்டும். பசியோடு பிஸ்கட் வாசனையில் உட்கார்ந்து முள்ளங்கி தின்றவர்கள், அதற்குப் பின் கொடுத்த புதிரைச் சீக்கிரமே கைவிட்டார்கள். ஆக, மன உறுதி என்பது செலவாகித் தீரும் ஒரு சரக்கு என்று முடிவு கட்டினார்கள். கேட்க நியாயமாக இருந்ததால் உலகம் முழுக்கப் பரவியது.

ஆனால் 2016-இல் 23 ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து, 2,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்து இதே கருத்தை வேறொரு பயிற்சியில் சோதித்தபோது, சொல்லிக்கொள்ளும்படி எந்த விளைவும் தெரியவில்லை. விவாதம் இன்னும் முழுதாக ஓயவில்லை என்றாலும், "இன்னிக்கு என் மன உறுதி காலி" என்று சொல்லித் தப்பிக்க அறிவியலைத் துணைக்கு அழைப்பது இனி கஷ்டம். (களைப்பு நிஜம்தான். அதற்கு மருந்து தூக்கம்.)

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது 2012-இல் வந்த இன்னொரு ஆய்வு. வில்ஹெல்ம் ஹாஃப்மன் குழுவினர் ஜெர்மனியில் 205 பேரிடம் ஒரு சிறு கருவியைக் கொடுத்து, ஒரு வாரம் அவ்வப்போது ஒலியெழுப்பி, "இப்போது எதற்காவது ஆசைப்படுகிறீர்களா? அதை அடக்கப் பார்க்கிறீர்களா?" என்று கேட்டார்கள். கட்டுப்பாடு மிக்கவர்கள் நாள் முழுக்க ஆசைகளோடு மல்லுக்கட்டி ஜெயிப்பவர்களாக இருப்பார்கள் என்றுதான் யாரும் எதிர்பார்ப்போம். நடந்தது நேர்மாறு. அவர்களுக்கு மல்லுக்கட்டும் சந்தர்ப்பமே குறைவாக இருந்தது.

சேலத்துக்கு இதை மாற்றிச் சொல்கிறேன். மாலை ஐந்து மணிக்கு மேல் தெருமுனைத் தட்டுவடை செட்டுக் கடையில் கூட்டம் சேர்ந்துவிடும். இரண்டு தட்டுவடைக்கு நடுவே கேரட், பீட்ரூட் துருவலும் சட்னியும் வைத்துக் கொடுக்கிறார் கடைக்காரர். எண்ணெய்ப் பலகாரத்தைக் குறைக்கச் சொல்லி டாக்டர் சொன்ன இரண்டு பேர் அந்தப் பக்கம் வேலை பார்க்கிறார்கள். ஒருவர் தினமும் கடைக்கு முன்னால் வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டிப் போகிறார். மூன்று நாள் ஜெயிக்கிறார், நான்காம் நாள் இரண்டு செட்டு சாப்பிடுகிறார். இன்னொருவர் ஆபீஸிலேயே நான்கரைக்குச் சுண்டல் சாப்பிட்டுவிட்டு, வண்டியை அடுத்த தெரு வழியாக விட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இரண்டாமவரைத்தான் "என்ன கட்டுப்பாடுப்பா!" என்பார்கள். அவர் செய்ததெல்லாம் ஒரு தெருவை மாற்றியதுதான்.

பழக்கம் உள்ளே எப்படி வேலை செய்கிறது

வண்டி ஓட்டக் கற்றுக்கொண்ட முதல் வாரத்தை நினைத்துப் பாருங்கள். கிளட்ச், கியர், கண்ணாடி, எதிரே வரும் பஸ் எல்லாவற்றையும் தனித்தனியாக யோசித்தீர்கள். இன்று அம்மாபேட்டையிலிருந்து ஜங்ஷன் போய்ச் சேர்ந்த பிறகு, நடுவில் எந்த சிக்னலில் நின்றோம் என்பதே ஞாபகம் இருப்பதில்லை. மூளை அந்த வேலைகளை ஒரே மூட்டையாகக் கட்டி, யோசிக்கும் பகுதியிடமிருந்து வாங்கி, உள்ளே ஆழத்தில் இருக்கும் அடித்தள முடிச்சுகள் என்ற பகுதியிடம் பெருமளவு ஒப்படைத்துவிட்டது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஆன் கிரேபியல் குழுவினர், சாக்லேட்டைத் தேடிப் புதிர்ப்பாதையில் ஓடும் எலிகளிடம் இதைக் கண்டார்கள். பாதை பழகாதபோது அந்தப் பகுதி வழி நெடுக வேலை செய்தது. பழகிய பிறகு தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் செயல்பாடு துள்ளியது, நடுவில் அடங்கியது.

தொடக்கம், முடிவு இரண்டையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பழக்கத்துக்கு ஆரம்பத்தில் ஒரு சைகை வேண்டும், அதாவது "இப்போது தொடங்கு" என்று ஞாபகப்படுத்தும் ஏதாவது ஒன்று. முடிவில் "சரி, நல்லா இருந்துச்சு" என்ற ஒரு சின்ன திருப்தி வேண்டும். நடுவில் இருக்கும் செயல் திரும்பத் திரும்ப ஒரே சூழலில் நடந்தால் போதும், மிச்சத்தை மூளை பார்த்துக்கொள்ளும். வெண்டி வுட் என்ற ஆய்வாளர், மக்களை மணிக்கொரு தடவை என்ன செய்கிறார்கள் என்று எழுதச் சொல்லிப் பார்த்தபோது, அன்றாடச் செயல்களில் சுமார் 43 சதவீதம் ஏறக்குறைய தினமும், பெரும்பாலும் அதே இடத்தில், வேறு எதையோ நினைத்துக்கொண்டே செய்யப்படுபவையாக இருந்தன. நாளில் கிட்டத்தட்டப் பாதி தானாக ஓடுகிறது என்றால், அந்தப் பாதியில் என்ன ஓடுகிறது என்பதைக் கவனித்தாலே பெரிய வேலை.

"எப்போது" என்பதில்தான் எல்லாம் இருக்கிறது

கட்டுரையின் முக்கியமான பகுதி இதுதான். அவசரமாகப் படிப்பவர்கள் இதை மட்டும் படித்துவிட்டுப் போனாலும் நஷ்டமில்லை.

"நாளையிலிருந்து உடற்பயிற்சி செய்வேன்" என்பது விருப்பம். "காலையில் பால் பாக்கெட்டை எடுத்து உள்ளே வைத்ததும், மொட்டைமாடிக்கு ஏறிப் பத்து நிமிடம் நடப்பேன்" என்பது திட்டம். ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990-களிலிருந்து இந்த வித்தியாசத்தைத்தான் ஆராய்ந்தார். "இது நடந்தால், அதைச் செய்வேன்" என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைப்பவர்கள், வெறுமனே ஆசைப்படுபவர்களைவிட அதிகம் செய்து முடிக்கிறார்கள். 2006-இல் அவரும் பாஸ்கல் ஷீரனும் இப்படிப்பட்ட 94 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் அதே முடிவு வந்தது.

2002-இல் இங்கிலாந்தில் கல்லூரி மாணவர்களிடம் நடந்த சோதனை ஒன்று இன்னும் பளிச்சென்று இருக்கும். ஒரு குழுவிடம் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது குழுவுக்கு உடற்பயிற்சி இதயத்துக்கு எவ்வளவு நல்லது என்று விளக்கமாகப் படிக்கக் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கும் அதைக் கொடுத்து, கூடவே "அடுத்த வாரம் எந்த நாள், எந்த நேரம், எந்த இடத்தில் செய்வீர்கள் என்று எழுதுங்கள்" என்றார்கள். முதல் குழுவில் 38 சதவீதம் பேர் உடற்பயிற்சி செய்தார்கள். ஊக்கமூட்டும் விளக்கம் படித்தவர்களில் 35 சதவீதம். எழுதி வைத்தவர்களில் 91 சதவீதம். ஊக்கம் மட்டும் வாங்கிய குழு, ஒன்றும் வாங்காத குழுவைத் தாண்டவில்லை. காலையில் எழுந்ததும் போனில் ஊக்கமூட்டும் வீடியோ பார்ப்பவர்கள் இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்கலாம்.

இனி சேலத்துக்கு வருவோம். தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் எல்லோரும் "ஐந்து மணிக்கு எழுந்திரு" என்கிறார்கள். யாருக்கு ஐந்து மணி? உருக்காலையிலோ நூற்பாலையிலோ ஷிஃப்ட் மாறி மாறிப் பார்ப்பவருக்கு, நைட் ஷிஃப்ட் வாரத்தில் காலை ஐந்து மணி என்பது இன்னும் வேலை நேரம். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் கூலிக்கு வேலை செய்பவர், தீபாவளி ஆர்டர் நெருக்கினால் நடுராத்திரி வரை பட்டறையில்தான் இருப்பார். ஏற்காட்டில் விடிவதற்கு முன் தனியாக நடக்கப் போனால், சில பக்கங்களில் பனிமூட்டத்துக்குள் காட்டெருமை நின்றுகொண்டிருக்கும். அதற்கு உங்கள் புத்தாண்டுத் தீர்மானம் தெரியாது.

ஆகவே நேரம் நிலையாக இல்லாதவர்கள் கடிகாரத்தை விட்டுவிட்டு, எந்த ஷிஃப்ட்டிலும் தவறாமல் நடக்கும் ஒரு காரியத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஷிஃப்ட் எதுவானாலும் வீட்டுக்கு வந்ததும் யூனிஃபார்மைக் கழற்றிக் கொடியில் போடுவீர்கள் அல்லவா? அதுதான் சைகை. "யூனிஃபார்மைக் கொடியில் போட்டதும், கால் மணி நேரம் கை கால் நீட்டிப் பயிற்சி." காலை ஷிஃப்ட் முடிந்து வந்தாலும் அதேதான், நைட் முடிந்து வந்தாலும் அதேதான். கொலுசுப் பட்டறைக்காரர் மணிக்கணக்காகக் குனிந்தே இருப்பவர், கழுத்தும் முதுகும் கெஞ்சும். அவருக்கு டீ டம்ளர்தான் சைகை. பட்டறைக்கு டீ வருகிறபோதெல்லாம், குடிப்பதற்கு முன் எழுந்து நின்று ஐந்து முறை முதுகை நிமிர்த்துவது. டீ வருவதை அவர் மறக்கப் போவதில்லை, பக்கத்தில் இருப்பவரும் மறக்க விடமாட்டார்.

தறி ஓட்டும் குடும்பத்தில் பிளஸ் டூ படிக்கும் பெண்ணுக்கு வேறு பிரச்சினை. விசைத்தறிச் சத்தத்தில் வீட்டில் படிக்க முடியாது. சாயங்காலம் கரண்ட் போகும் நேரமும் தெரியாது. பள்ளி விட்டதும் வீட்டுக்கு வராமல், பக்கத்து நூலகத்தில் ஒரு பாடத்தை முடித்துவிட்டு வருவது அவளுக்குச் சரியாக வரலாம். பள்ளி மணி அடிப்பது சைகை, நூலக நாற்காலி இடம். "இவ்வளவு நேரம் எங்கடி போனே?" என்று அம்மா கேட்காமல் இருக்க முதல் நாளே சொல்லி வைத்துவிட வேண்டும். கூட இருப்பவர்களிடம் சொல்லாமல் தொடங்கும் பழக்கங்கள் பாதி இந்தக் கேள்வியிலேயே செத்துப்போகின்றன.

எஸ்டேட் வேலைக்குப் போகிறவர்களுக்குக் காப்பிப் பழம் பறிக்கும் பருவம் வந்தால் நாளின் அமைப்பே மாறிவிடும். பருவம் மாறும்போது சைகையையும் மாற்றியாக வேண்டும். இதில் தோல்வி ஒன்றும் இல்லை. புதுச் சைகைக்கு மூளை பழகக் கொஞ்ச நாள் ஆகும், அவ்வளவுதான்.

நல்ல சைகை என்றால் இப்படி இருக்கும்: தினமும் நிச்சயம் நடக்கும், எப்போது நடந்தது என்பது சந்தேகமில்லாமல் தெரியும், நடக்கும்போது நீங்கள் புதுப் பழக்கத்தைச் செய்ய வேண்டிய இடத்திலேயே இருப்பீர்கள். "சாப்பிட்ட பிறகு" என்பது தெளிவில்லாத சைகை. "சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்ததும்" என்பது தெளிவானது.

எவ்வளவு சின்னதாக, எத்தனை நாள்

21 நாள் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்று எல்லோரும் சொல்வார்கள். இந்தக் கணக்கு மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் 1960-இல் எழுதியதிலிருந்து கிளம்பியது. மூக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் கண்ணாடியில் புது முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று அவர் கவனித்திருந்தார். கைமாறிக் கைமாறி "குறைந்தது" என்ற சொல் கீழே விழுந்துவிட்டது, மூக்கும் மறந்துபோயிற்று.

உண்மையில் அளந்து பார்த்தவர்கள் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் அவர் சகாக்களும். 96 பேர் ஆளுக்கொரு புதுப் பழக்கத்தைத் தேர்ந்து 12 வாரம் செய்தார்கள். 2010-இல் அச்சான அந்த ஆய்வின்படி, செயல் தானாக வரும் நிலையை அடைய ஆன காலம் நடுத்தரமாக 66 நாள். ஆளுக்கு ஆள் வித்தியாசம் பெரிது. கணக்கீட்டின்படி சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் வரை. தண்ணீர் குடிப்பது போன்றவை சீக்கிரம் படிந்தன, உடற்பயிற்சி மெதுவாகத்தான் படிந்தது. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் அழுத்திச் சொல்ல விரும்புவது அதே ஆய்வில் இருக்கும் வேறொன்று: நடுவில் ஒரு நாள் தவறியதால் பழக்கம் உருவாவதில் குறிப்பிடும்படி பாதிப்பு ஏற்படவில்லை.

ஒரு நாள் விட்டதும் "எல்லாம் போச்சு, அடுத்த மாசம் ஒண்ணாந் தேதியிலிருந்து பார்த்துக்கலாம்" என்று நிறுத்துகிறோமே, அங்கேதான் பழக்கம் சாகிறது. ஒரு நாள் விடுப்பு கொல்லவில்லை. அதற்குப் பின் நாமாக எடுத்துக்கொண்ட இருபது நாள் விடுப்புதான் கொன்றது.

அளவு விஷயத்தில் நம்மூர்க்காரர்களுக்குப் பெருந்தன்மை அதிகம். படிக்க ஆரம்பித்தால் ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம், ஓட ஆரம்பித்தால் ஐந்து கிலோமீட்டர், சர்க்கரையை விட்டால் காப்பியிலும் ஒரு சிட்டிகை கிடையாது. எனக்குத் தெரிந்தவரை முதல் இரண்டு வாரம் வெட்கப்படும் அளவுக்குச் சின்னதாக வைப்பதே நல்லது. டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குத் தயாராகிறவர் என்றால் ஒரு நாளைக்கு ஐந்தே கேள்வி. உடம்பு சரியில்லாத நாளிலும், கல்யாண வீட்டிலும், கரண்ட் இல்லாதபோது மெழுகுவத்தி வெளிச்சத்திலும் செய்யக்கூடிய அளவு. நேரம் கிடைத்த நாளில் ஐம்பது கேள்வி போடுங்கள், யார் தடுத்தார்கள்? ஆனால் கணக்கில் சேர்வது அந்த ஐந்துதான்.

ஏன் இவ்வளவு சின்னதாக? இதற்குக் குழந்தைகளிடமிருந்து ஒரு காரணம் கிடைக்கிறது. "இப்போதே என்றால் ஒரு மிட்டாய், கொஞ்சம் பொறுத்தால் இரண்டு" என்று சிறு பிள்ளைகளிடம் சொல்லி வால்டர் மிஷல் நடத்திய ஸ்டான்ஃபோர்டு சோதனையைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். பொறுத்த பிள்ளைகள் பின்னாளில் படிப்பில் நன்றாக வந்தார்கள் என்று பேசப்பட்டது. 2018-இல் இன்னும் பெரிய அளவில் திரும்பப் பார்த்தபோது அந்தத் தொடர்பு பாதியாகக் குறைந்தது. குடும்பச் சூழலையும் கணக்கில் எடுத்தபோது மேலும் சுருங்கிவிட்டது. ஆனால் 2013-இல் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் நடந்த சின்ன சோதனைதான் நமக்கு வேண்டியது. 28 பிள்ளைகள். பாதிப் பேரிடம் பெரியவர் முதலில் "நல்ல கிரேயான் கொண்டு வருகிறேன்" என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு வந்தார். மீதிப் பேருக்குச் சொன்னபடி கொண்டு வந்தார். பிறகு மிட்டாய் சோதனை. ஏமாந்த பிள்ளைகள் சராசரியாகச் சுமார் 3 நிமிடம் பொறுத்தார்கள். மற்றவர்கள் சுமார் 12 நிமிடம்.

"ஹோம்வொர்க்கை முடி, ஞாயித்துக்கிழமை ஏற்காடு கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லும் அப்பாக்கள் இதை ஒரு தடவைக்கு இரண்டு தடவை படிக்க வேண்டும். சொன்னபடி கூட்டிப் போகாத வீட்டில் பிள்ளை பொறுமை கற்றுக்கொள்ளாது. கற்றுக்கொள்ள அதற்குக் காரணமும் இல்லை. இதே கணக்கு நமக்கும் பொருந்தும் என்றுதான் நினைக்கிறேன். தினமும் ஆறு மணி நேரம் படிப்பேன் என்று நமக்கு நாமே வாக்குக் கொடுத்து மீறிக்கொண்டே இருந்தால், நம் பேச்சை நாமே நம்ப மறுக்கிறோம். ஐந்து கேள்வி என்று சொல்லி ஐந்தைப் போட்டால், அடுத்த வாக்குக்கு ஒரு மதிப்பு வருகிறது.

கைக்கு எட்டும் தூரம்

நல்லதை எளிதாக்கு, கெட்டதைச் சிரமமாக்கு. இதில் விளக்க அதிகமில்லை. நடக்கப் போகும் செருப்பை வாசலிலேயே விடுங்கள். நாளை படிக்க வேண்டிய பக்கத்தைத் திறந்து மேசையில் வைத்துவிட்டுத் தூங்குங்கள். முறுக்கு டப்பாவைப் பரண் மேல் வையுங்கள்.

போனைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். அதைத் தலைமாட்டில் சார்ஜ் போட்டுவிட்டுப் படுப்பவருக்கு எந்தக் காலைப் பழக்கமும் நிலைக்காது என்பேன். அலாரத்தை நிறுத்தும் கை அப்படியே ரீல்ஸுக்குப் போய்விடும். அதுவும் ஒரு சைகை, அதுவும் ஒரு பழக்கம், அதுவும் அழகாகப் படிந்துவிட்டது. ஒரு பழைய அலாரக் கடிகாரம் வாங்கிக்கொண்டு போனைச் சமையலறையில் சார்ஜ் போடுங்கள். செலவு சில நூறு ரூபாய்தான் ஆகும்.

மனசுக்கு என்ன வேலை

இவ்வளவும் வெளி ஏற்பாடு என்றால், மனநிலைக்கு இதில் இடமே இல்லையா? இருக்கிறது. தவறிய நாளில்தான் அதற்கு வேலை.

நம் வீடுகளில் தவறினால் திட்டுவதுதான் திருத்தும் என்ற நம்பிக்கை ஆழமானது. "தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்" என்று பழமொழி வேறு சொல்லிக் கதவைச் சாத்திவிடுவார்கள். வளர்ந்த பிறகு அந்தத் திட்டும் வேலையை நாமே ஏற்றுக்கொள்கிறோம். கனடாவில் கல்லூரி முதலாண்டு மாணவர்கள் 119 பேரிடம் நடந்த ஆய்வு 2010-இல் வெளியானது. முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டவர்களில், அதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த தேர்வுக்குக் குறைவாகத் தள்ளிப்போட்டார்கள். கடுப்பிலும் குற்ற உணர்ச்சியிலும் இருப்பவருக்கு அந்தப் புத்தகத்தைப் பார்த்தாலே ஒதுங்கத் தோன்றும், ஒதுங்கினால் மீண்டும் குற்ற உணர்ச்சி. மன்னிப்பு அந்தச் சுற்றை அறுக்கிறது. மன்னிப்பது என்றால் "பரவாயில்லை, விடு" என்று படுத்துக்கொள்வது இல்லை. நேற்று ஏன் விட்டுப்போனது என்று ஒரு நிமிடம் பார்த்து, சைகையையோ அளவையோ மாற்றிவிட்டு, இன்று செய்வது.

சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலுவை எல்லோருக்கும் தெரியும். ஐந்து வயதில் பஸ் மோதி வலது கால் நசுங்கியவர், 2016-இல் ரியோ பாராலிம்பிக் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். மேடைகளில் இந்த இடத்தோடு கதையை முடித்துவிடுவார்கள். எனக்கு அதற்குப் பிறகு வந்ததுதான் பெரிதாகத் தெரிகிறது. டோக்கியோவில் வெள்ளி, 2024 பாரிஸில் வெண்கலம். தங்கத்துக்குப் பின் எட்டு ஆண்டு, அடுத்தடுத்து இன்னும் இரண்டு தடவை அதே ஓடுபாதைக்குத் திரும்பி வந்து பதக்கத்தோடு போயிருக்கிறார். முதலிடம் இல்லையென்றால் வேண்டாம் என்று நினைப்பவருக்கு இது வாய்க்காது. அதற்காக ஒலிம்பிக் அளவு வீரரின் பயிற்சியை நம் வீட்டு நடைப்பயிற்சிக்கு அளவுகோலாக வைக்கவும் கூடாது. அவர்களுக்குப் பயிற்சியாளர் இருக்கிறார், முழு நாளும் இருக்கிறது.

இன்னொன்று. வாரக்கணக்கில் தூக்கம் வரவில்லை, எதிலும் பிடிப்பில்லை, குளிக்கக்கூட எழ முடியவில்லை என்றால் அதைச் சோம்பல் என்றோ கட்டுப்பாடு இல்லை என்றோ எடுத்துக்கொள்ளாதீர்கள். மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்குச் சைகையும் திட்டமும் போதாது, டாக்டர் வேண்டும். மத்திய அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

திருவிழா வந்தால்

ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் பண்டிகை வந்தால் சேலத்தில் யாருடைய அட்டவணையும் தாக்குப்பிடிக்காது. ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வருவார்கள், கூழ் ஊற்றுவார்கள், ராத்திரி வெகுநேரம் விழித்திருக்க வேண்டியிருக்கும். அந்த வாரத்தில் பழக்கத்தைக் காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று அத்தையிடம் முகம் சுளிப்பது தேவையில்லாத வேலை. முன்கூட்டியே இரண்டு விஷயம் முடிவு செய்துகொள்ளுங்கள். பண்டிகை நாட்களில் செய்யப்போகும் மிகச் சிறிய அளவு எது, எந்தக் கிழமையிலிருந்து பழைய அளவுக்குத் திரும்புவது. திரும்பும் நாள் திங்கட்கிழமையாகவோ மாதப் பிறப்பாகவோ இருந்தால் இன்னும் நல்லது. புது வாரம், புது மாதம், பிறந்தநாள் போன்ற நாட்களில் மக்கள் புதிதாகத் தொடங்க அதிகம் முன்வருகிறார்கள் என்று 2014-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. அந்த உந்துதலைத் தள்ளிப்போடுவதற்குப் பயன்படுத்துவதைவிடத் திரும்பி வருவதற்குப் பயன்படுத்தலாம்.

கணக்கு வைத்துக்கொள்ள ஆப் எதுவும் வேண்டாம். சுவரில் தொங்கும் தினசரி காலண்டர் போதும். செய்த நாளில் தாளைக் கிழிப்பதற்கு முன் அதில் ஒரு டிக் போட்டு, கிழித்த தாளை ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். டிக் இல்லாத தாளையும் போட வேண்டும். மாதக் கடைசியில் எடுத்துப் பார்த்தால் எந்தக் கிழமைகளில் அதிகம் விடுபடுகிறது என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட கிழமையாகத்தான் இருக்கும். அன்றைக்கு மட்டும் டியூஷன் இருக்கும், அல்லது வாரச் சந்தை இருக்கும். அந்தக் கிழமைக்கு வேறு சைகை கொடுத்தால் சரியாகிவிடும்.

இரண்டாவது பழக்கத்தை எப்போது சேர்ப்பது என்று கேட்பீர்கள். முதலாவதைச் செய்யாமல் விட்ட அன்று, காந்தி மைதானத்துப் பெரியவர் சொன்ன மாதிரி, உங்களுக்கும் என்னமோ மாதிரி இருந்தால் அப்போது சேர்க்கலாம். சிலருக்கு அது இரண்டு மாதத்தில் வரும், சிலருக்கு எட்டு மாதம் ஆகும். அதுவரை ஒன்றே ஒன்று போதும். பக்கத்து வீட்டுக்காரர் ஒரே நேரத்தில் யோகா, ஹிந்தி, கீட்டோ டயட் மூன்றையும் தொடங்கியிருந்தால், அவருக்கு வாழ்த்து சொல்லிவிட்டு உங்கள் ஐந்து கேள்வியைப் போடுங்கள்.